வீழும் விண்கலமும் மக்கள் எதிர்வினையும்: ஸ்கைலேப் நிகழ்வை (1979) முன்வைத்து

ஆய்வுச்சுருக்கம்

செயலிழந்த விண்கலங்கள் புவிக்குத் திரும்பும்போது மக்களிடையே எழும் அச்சம் பெரும்பாலும் அறிவியல் அறியாமையின் விளைவாகவே கருதப்படுகிறது. 1979 ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில் அமெரிக்காவின் ஸ்கைலேப் விண்வெளி நிலையம் வீழ்ந்த நிகழ்வை முதன்மைச் சான்றாகக் கொண்டு, இக்கருத்து எந்த அளவு பொருந்தும் என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது. ‘யாருக்கு நேரும்?’, ‘எங்கே விழும்?’, ‘யார் பொறுப்பு?’ என்னும் மூன்று வினாக்களை மக்கள் எழுப்பினர். நிறுவனங்களோ ‘எவ்வளவு வாய்ப்பு?’ என்ற ஒரு வினாவுக்கே விடையளித்தன. இவ்விடைவெளியே எதிர்வினையின் போக்கைத் தீர்மானித்தது என்பது இக்கட்டுரையின் கருத்தாகும். காஸ்மோஸ் 954 (1978), யு.ஏ.ஆர்.எஸ். (2011), ரோசாட் (2011), மேகா டிரோபிக்ஸ் 1 (2023) ஆகியவற்றின் வீழ்ச்சிகளும் ஒப்பீட்டிற்கு எடுத்துக்கொள்ளப்படுகின்றன. இடர் வாய்ப்பைத் தமிழில் எடுத்துரைக்கும்போது கருதவேண்டிய சொல்லாட்சிச் சிக்கல் ஒன்றும் விளக்கப்படுகிறது.

திறவுச்சொற்கள்: செயற்கைக்கோள், மறுநுழைவு, ஸ்கைலேப், நிகழ்தகவு, விண்வெளிக் குப்பை, பொறுப்புடைமை, இடர் எடுத்துரைப்பு.

முன்னுரை

1957 அக்டோபர் 4 இல் ஏவப்பட்ட ஸ்புட்னிக் 1, மூன்று திங்கள் கழித்து 1958 ஜனவரி 4 இல் வளிமண்டலத்துள் நுழைந்து எரிந்துபோனது. செயற்கைக்கோள்களின் வரலாறு தொடங்கிய சில திங்களிலேயே அவற்றின் வீழ்ச்சியின் வரலாறும் தொடங்கிவிட்டது. புவிக்கு அண்மையில் சுற்றும் எந்தப் பொருளும் நிலையாக அங்கேயே இருப்பதில்லை. சில திங்களிலோ பல ஆண்டுகளிலோ அது திரும்பிவருவது இயற்கை நியதி.

வானிலிருந்து தீப்பிழம்பு விழுவதைக் கண்டு மனிதர் அஞ்சுவது புதிதன்று. விண்மீன் வீழ்ச்சியை அரசனின் மறைவுக்கு முன்னறிகுறியாகக் கண்டு கூடலூர் கிழார் பாடிய பாடல் புறநானூற்றில் (229) இடம்பெற்றுள்ளது. அக்காலத்து வீழ்மீனுக்குப் பொருள் இருந்தது. ஆனால் அதனைச் செய்து மேலே அனுப்பியவர் எவருமில்லை. செயற்கைக்கோளின் நிலை வேறு. அதனைச் செய்தவர் உண்டு. ஏவிய நாடு உண்டு. அதற்கான முடிவை எடுத்த நிறுவனம் உண்டு. எனவே அதன் வீழ்ச்சி குறித்த அச்சத்தில் பொறுப்பு பற்றிய வினாவும் கலந்தே இருக்கிறது. இவ்வேறுபாட்டை மனத்திற்கொண்டே மக்கள் எதிர்வினையை அணுகவேண்டும்.

செயலிழந்த கோள் வீழும் முறை

தாழ்நிலைச் சுற்றுப்பாதையில் உள்ள கோள் ஒன்று மணிக்கு ஏறத்தாழ 28,000 கி.மீ. வேகத்தில் இயங்கி, 90 நிமிடங்களுக்கு ஒருமுறை புவியைச் சுற்றிவருகிறது. 400 கி.மீ. உயரத்திலும் வளிமண்டலத்தின் மெல்லிய எச்சம் உள்ளது. அதன் இழுவிசையால் கோள் சிறிது சிறிதாக ஆற்றலை இழந்து கீழிறங்குகிறது. இறங்க இறங்க வளியின் அடர்த்தி கூடுகிறது. அதனால் இறங்கும் விரைவும் கூடுகிறது. ஏறத்தாழ 80 கி.மீ. உயரத்தில் வெப்பமும் அழுத்தமும் கோளின் கட்டமைப்பை உடைத்துவிடுகின்றன. 660 பாகை செல்சியசில் உருகும் அலுமினியப் பகுதிகள் பெரும்பாலும் எரிந்தழிகின்றன. உயர்வெப்பத்தைத் தாங்கும் டைட்டானியம், துருப்பிடிக்கா எஃகு முதலியவற்றாலான கொள்கலன்களும் கனமான பாகங்களும் தரையை எட்டக்கூடும்.

வீழும் நாளை முன்கூட்டியே துல்லியமாகக் கூற இயலாமைக்குக் காரணம் மேல்வளிமண்டலத்தின் இயல்பாகும். சூரியனின் செயற்பாடு மிகும்போது மேல்வளிமண்டலம் வெப்பமுற்று விரிவடைகிறது. கோளின் மீதான இழுவிசையும் மிகுகிறது. கோள் தன்னைத்தானே எவ்வாறு சுழற்றிக்கொள்கிறது என்பதைப் பொறுத்தும் இழுவிசை மாறுபடும். இதனால் எஞ்சிய காலத்தில் பத்து முதல் இருபது விழுக்காடு வரை பிழை நேர்வது இயல்பு. வீழ்ச்சிக்கு ஒரு நாள் முன்னர் வெளியிடப்படும் கணிப்பிலேயே சில மணி நேரம் முன்பின்னாக நேரக்கூடும். ஒரு சுற்று முடிவதற்குள் புவி 22.5 பாகை சுழன்றுவிடுவதால், நிலநடுக்கோட்டில் கோளின் தடம் ஏறத்தாழ 2,500 கி.மீ. மேற்கே நகர்ந்துவிடும். கணிப்பில் ஒரு சுற்று பிழைத்தால் கண்டமே மாறிவிடும் என்பது இதன் பொருள். ஒரு நிமிடப் பிழைகூட 450 கி.மீ.க்கு மேற்பட்ட இடமாற்றத்தைக் குறிக்கும்.

ஆகவே ‘எங்கே விழும்?’ என்ற வினாவிற்குக் கடைசி மணிவரை உறுதியான விடை கிடைப்பதில்லை. எங்கே விழாது என்பதை மட்டும் சுற்றுப்பாதையின் சாய்வைக் கொண்டு சொல்லமுடியும். 50 பாகைச் சாய்வுடைய கோள் வடக்கு 50 பாகைக்கும் தெற்கு 50 பாகைக்கும் இடைப்பட்ட நிலப்பரப்பின் மேலேயே பறக்கும். ஆனால் மனித இனத்தின் மிகப் பெரும்பகுதி வாழ்வது இவ்விரு கோடுகளுக்கு இடையில்தான்.

ஸ்கைலேப்: எழுச்சியும் வீழ்ச்சியும்

அமெரிக்காவின் முதல் விண்வெளி நிலையமான ஸ்கைலேப், 1973 மே 14 இல் சாட்டர்ன் 5 ஏவூர்தி மூலம் விண்ணில் செலுத்தப்பட்டது. ஏவும்போதே அதன் நுண்விண்கல் காப்புறை பிய்ந்துபோனது. சூரிய மின்தகட்டுச் சிறகுகளுள் ஒன்றும் இழக்கப்பட்டது. பழுதுகள் சரிசெய்யப்பட்டபின் மூன்று குழுக்கள் முறையே 28, 59, 84 நாள்கள் அங்குத் தங்கி ஆய்வு செய்தன. 1974 பிப்ரவரி 8 இல் இறுதிக் குழு வெளியேறியது. அதன்பின் ஏறத்தாழ 77 டன் எடையுள்ள அந்நிலையம் ஆளின்றிச் சுற்றிக்கொண்டிருந்தது.

1980களின் தொடக்கம் வரை அது மேலேயே இருக்கும் என்றும், அதற்குள் உருவாகிவிடும் விண்வெளி ஓடத்தைக் கொண்டு அதனை உயர்த்திவிடலாம் என்றும் நாசா எதிர்பார்த்தது. இரு எதிர்பார்ப்புகளும் பொய்த்தன. சூரியச் செயற்பாடு கணித்ததைவிட மிகுந்ததால் நிலையம் விரைந்து இறங்கியது. விண்வெளி ஓடத்தின் பணி தாமதமாகி, 1981 ஏப்ரல் 12 இல்தான் அது முதன்முறையாகப் பறந்தது. ஸ்கைலேப்பில் அதனைக் கட்டுப்பாட்டுடன் கீழிறக்குவதற்கான பொறியமைப்பு வைக்கப்படவில்லை. 1978 இல் நாசா நிலையத்துடன் மீண்டும் தொடர்பை ஏற்படுத்தியது. எனினும் நிலையத்தின் கிடப்பை மாற்றி இழுவிசையைக் கூட்டவோ குறைக்கவோ மட்டுமே அதனால் இயன்றது.

1979 ஜூலை 11 அன்று, இறுதிச் சுற்றின்போது நிலையத்தை உருளவிடும் கட்டளை அனுப்பப்பட்டது. வட அமெரிக்காவின் மக்கள்செறிவு மிக்க பகுதிகளைக் கடந்து, தென்னாப்பிரிக்காவின் கேப்டவுனுக்குத் தெற்கே உள்ள கடற்பரப்பில் சிதைவுகள் விழவேண்டும் என்பது நோக்கம். ஆனால் நிலையம் எதிர்பார்த்ததைவிட மெதுவாக உடைந்தது. சிதைவுகள் இந்தியப் பெருங்கடலின் தென்கிழக்கிலும் மேற்கு ஆஸ்திரேலியாவிலும் விழுந்தன. எஸ்பெரன்ஸ் என்னும் கடலோர நகரம் முதல் உள்நாட்டில் உள்ள ராவ்லின்னா வரையிலான மக்கள் அருகிய நிலப்பரப்பில் அவை பரவிக்கிடந்தன. எவரும் காயமடையவில்லை.

எண்ணின் இரு முகங்கள்

ஸ்கைலேப்பின் சிதைவால் மனிதர் ஒருவர் தாக்கப்படுவதற்கான வாய்ப்பு 152 இல் ஒன்று என நாசா அறிவித்தது. இவ்வெண் உலகெங்கும் செய்தியாயிற்று. இதன் சரியான பொருள், ஸ்கைலேப் போன்ற நிலையங்கள் 152 விழுந்தால் அவற்றுள் ஒன்றின் சிதைவு உலகில் எவரேனும் ஒருவரைத் தாக்கக்கூடும் என்பதாகும். அன்றைய உலக மக்கள்தொகை 400 கோடியைக் கடந்திருந்தது. ஆகவே குறிப்பிட்ட ஒருவர் தாக்கப்படுவதற்கான வாய்ப்பு ஏறத்தாழ 60,000 கோடியில் ஒன்று. இரண்டும் ஒரே நிகழ்வைக் குறிக்கும் எண்களே, இரண்டும் உண்மையே. ஆயினும் முதல் எண் நடுக்கம் தருவது. இரண்டாவது எண் நகைக்கத் தோன்றுவது.

இவற்றுள் எந்த எண்ணைச் சொல்வது நேர்மையானது என்ற வினா எளிதன்று. ஏவிய நிறுவனத்தின் நோக்கில் 152 இல் ஒன்று என்பதே பொருத்தமான அளவை. மனிதர் எவருக்கேனும் தீங்கு விளையுமா என்பதற்குத்தான் அந்நிறுவனம் விடைகூறக் கடமைப்பட்டுள்ளது. வீட்டில் இருக்கும் தனியொருவரின் நோக்கில் இரண்டாவது எண்ணே பொருத்தமானது. 60,000 கோடியில் ஒன்று என்பதை மட்டும் கூறி மக்களை அமைதிப்படுத்தினால் நிறுவனத்தின் பொறுப்பு மறைந்துவிடுகிறது. 152 இல் ஒன்று என்பதை மட்டும் கூறினால் ஒவ்வொருவரும் அதனைத் தம் இடராக எண்ணிவிடுகின்றனர். இரண்டையும் சேர்த்து, எது யாருக்கு உரியது என்பதையும் சுட்டிக் கூறுவதே முழுமையான எடுத்துரைப்பாகும்.

எதிர்வினையின் வகைமைகள்

1979 ஆம் ஆண்டின் எதிர்வினைகளை அச்சம், கேலி, வணிகம், பொறுப்புக் கோரல் என நான்காகப் பகுக்கலாம்.

முதலாவது, அச்சம். இந்தியாவில் காவல்துறையினர் விழிப்பு நிலையில் வைக்கப்பட்டனர். பிலிப்பைன்சில் அதிபர் மார்கோஸ் தொலைக்காட்சியில் தோன்றி மக்களை அமைதிப்படுத்த வேண்டியிருந்தது. ஸ்கைலேப்பின் சுற்றுப்பாதைச் சாய்வு 50 பாகை. இதன்படி குமரி முதல் காசுமீர் வரை இந்தியா முழுவதும் அதன் தடத்தின்கீழ் இருந்தது. எனவே இந்திய மக்களின் அச்சம் வெற்றுக் கற்பனையிலிருந்து எழுந்ததன்று. அவ்வச்சம் மக்கள் நினைவில் எத்துணை ஆழமாகப் பதிந்தது என்பதற்கு, 2021 இல் வெளியான ‘ஸ்கைலேப்’ என்னும் தெலுங்குத் திரைப்படம் சான்றாகும். வீழ்ச்சியை எதிர்நோக்கிய ஒரு சிற்றூரின் 1979 ஆம் ஆண்டு வாழ்வே அப்படத்தின் கதைக்களம்.

இரண்டாவது, கேலி. அமெரிக்காவில் குறியிலக்கு வட்டம் பொறித்த சட்டைகளும் தொப்பிகளும் விற்கப்பட்டன. ஸ்கைலேப்பின் பெயரால் விருந்துகள் நடத்தப்பட்டன. அச்சமும் கேலியும் ஒன்றுக்கொன்று எதிரானவை போலத் தோன்றினும், தம் கட்டுப்பாட்டில் இல்லாத ஒன்றை எதிர்கொள்ளும் இரு வழிகளே அவை.

மூன்றாவது, வணிகம். மறுநுழைவு நிகழ்ந்த 72 மணி நேரத்திற்குள் தன் அலுவலகத்தில் முதற் சிதைவுத் துண்டைக் கொணர்ந்து சேர்ப்பவருக்கு 10,000 டாலர் பரிசளிப்பதாக ‘சான்பிரான்சிஸ்கோ எக்சாமினர்’ நாளிதழ் அறிவித்தது. எஸ்பெரன்சைச் சேர்ந்த 17 வயது இளைஞர் ஒருவர், தம் வீட்டில் விழுந்த துண்டுகளுடன் விமானத்தில் சென்று அப்பரிசைப் பெற்றார். அதே ஜூலைத் திங்களில் பெர்த் நகரில் நடந்த பிரபஞ்ச அழகிப் போட்டியின் மேடையில் ஸ்கைலேப் சிதைவு ஒன்று காட்சிக்கு வைக்கப்பட்டது. பத்து நாள்களுக்கு முன்னர் உலகை அஞ்சவைத்த பொருள் காட்சிப்பொருளாகிவிட்டது.

நான்காவது, பொறுப்புக் கோரல். பொது இடத்தில் குப்பை கொட்டியதற்காக எஸ்பெரன்ஸ் உள்ளாட்சி அமைப்பு நாசாவுக்கு 400 டாலர் தண்டம் விதித்தது. இது வேடிக்கையாகச் செய்யப்பட்டதே. நாசா அதனைச் செலுத்தவில்லை. 2009 இல் அமெரிக்க வானொலி நிகழ்ச்சியாளர் ஒருவர் நேயர்களிடம் நிதி திரட்டி அத்தொகையைச் செலுத்தினார். எனினும் இவ்வேடிக்கையின் உட்பொருள் கருதத்தக்கது. வானிலிருந்து விழுந்ததை ‘நிகழ்வு’ என்று அவ்வமைப்பு ஏற்கவில்லை. ‘குப்பை’ என்று பெயரிட்டது. குப்பை என்றால் அதனைக் கொட்டியவர் ஒருவர் இருக்கவேண்டும். நிகழ்தகவு எண்கள் விடையளிக்காத மூன்றாம் வினாவை ஒரு சிறு நகரம் தண்டச்சீட்டின் வடிவில் கேட்டது எனலாம்.

அச்சத்தின் பின்புலம்: காஸ்மோஸ் 954

ஸ்கைலேப் பற்றிய அச்சத்தைத் தனித்து நோக்கினால் அது மிகையெனத் தோன்றும். ஆனால் அதற்கு ஒன்றரை ஆண்டு முன்னரே உலகம் ஒரு தீய வீழ்ச்சியைக் கண்டிருந்தது. 1977 செப்டம்பரில் சோவியத் ஒன்றியம் ஏவிய காஸ்மோஸ் 954 என்னும் கடற்கண்காணிப்புக் கோள், செறிவூட்டிய யுரேனியத்தால் இயங்கும் அணு உலையைத் தாங்கியிருந்தது. அவ்வுலையைப் பிரித்து உயரமான பாதைக்கு அனுப்பும் ஏற்பாடு பழுதுற்றது. 1978 ஜனவரி 24 இல் கோள் கனடாவின் வடமேற்குப் பகுதிகளின்மேல் உடைந்து சிதறியது.

கனடாவும் அமெரிக்காவும் இணைந்து ‘விடியல் ஒளி நடவடிக்கை’ என்ற பெயரில் உறைபனிப் பரப்பில் பல திங்கள் தேடின. மீட்கப்பட்ட 12 பெருந்துண்டுகளுள் 10 கதிரியக்கம் உடையனவாக இருந்தன. 1972 ஆம் ஆண்டின் பன்னாட்டு விண்வெளிப் பொறுப்புடைமை உடன்படிக்கையின்படி கனடா ஏறத்தாழ 60 இலட்சம் கனடிய டாலர் இழப்பீடு கோரியது. 1981 இல் 30 இலட்சம் டாலர் தர சோவியத் ஒன்றியம் இணங்கியது.

இவ்வுடன்படிக்கையின் அடிப்படைக் கோட்பாடு முதன்மையானது. விண்பொருள் தரையில் ஏற்படுத்தும் சேதத்திற்கு ஏவிய நாடு முழுப்பொறுப்பு ஏற்கவேண்டும். அந்நாடு தவறு செய்ததை மெய்ப்பிக்க வேண்டிய தேவை பாதிக்கப்பட்டவருக்கு இல்லை. ஆனால் ஏவிய நாடு தன் சொந்தக் குடிமக்களுக்கு விளைக்கும் சேதம் இதன் வரம்பிற்குள் வராது. 2024 மார்ச் 8 இல் பன்னாட்டு விண்வெளி நிலையத்திலிருந்து கழித்துவிடப்பட்ட மின்கலத் தட்டின் 0.7 கிலோ துண்டு, புளோரிடாவில் ஒரு வீட்டின் கூரையைத் துளைத்தது. அக்குடும்பம் இழப்பீட்டிற்காக நாசாவையே நேரடியாக அணுகவேண்டியிருந்தது. பொறுப்பு குறித்த வினா அரை நூற்றாண்டு கழித்தும் முற்றுப்பெறவில்லை என்பதை இது காட்டுகிறது.

2011: இரண்டு வீழ்ச்சிகள்

2011 செப்டம்பர், அக்டோபர்த் திங்களில் அடுத்தடுத்து இரு பெருங்கோள்கள் வீழ்ந்தன. 1991 இல் ஏவப்பட்டு 2005 இல் பணி முடித்த நாசாவின் மேல்வளிமண்டல ஆய்வுக்கோளான யு.ஏ.ஆர்.எஸ். செப்டம்பர் 24 இல் பசிபிக் பெருங்கடலில் வீழ்ந்தது. அதன் 26 பாகங்கள், மொத்தம் 532 கிலோ, தரையை எட்டக்கூடும் என்றும் எவரேனும் ஒருவர் தாக்கப்படும் வாய்ப்பு 3,200 இல் ஒன்று என்றும் நாசா அறிவித்திருந்தது. தனியொருவருக்கான வாய்ப்பாக இதனைக் கணக்கிட்டால் ஏறத்தாழ 22 இலட்சம் கோடியில் ஒன்று என வரும். ஸ்கைலேப்புடன் ஒப்பிடுகையில் இடர் இருபதில் ஒரு பங்கு மட்டுமே. எனினும் உலக ஊடகங்களின் கவனம் குறையவில்லை.

அடுத்த திங்கள் 23 இல் ஜெர்மனியின் ரோசாட் எக்சுகதிர்த் தொலைநோக்கி வங்காள விரிகுடாவின்மேல் மறுநுழைந்தது. எடையில் யு.ஏ.ஆர்.எஸ். கோளினும் சிறியதாயினும் அதன் இடர் வாய்ப்பு 2,000 இல் ஒன்று என மதிப்பிடப்பட்டது. வெப்பந்தாங்கும் கண்ணாடியாடிகளைக் கொண்டிருந்ததால் அதன் நிறையில் பெரும்பகுதியான 1.7 டன் வரை எரியாமல் கீழே வரக்கூடும் என்பதே காரணம். கோளின் பருமனைக் கொண்டு மட்டும் இடரை அளவிடுதல் பொருந்தாது என்பதற்கு இது நல்ல சான்று.

இவ்விரு கோள்களும், எவரேனும் தாக்கப்படும் வாய்ப்பு 10,000 இல் ஒன்றை விஞ்சக்கூடாது என்ற வரம்பை நாசா 1995 இல் வகுப்பதற்கு முன் ஏவப்பட்டவை. ஸ்கைலேப்பின் படிப்பினை விதியாக மாற ஏறத்தாழ பதினாறு ஆண்டுகள் ஆயின. அவ்விதிக்கு முந்தைய கோள்கள் அதன்பிறகும் விழுந்துகொண்டிருந்தன.

தமிழில் இடர் எடுத்துரைப்பு: ஒரு சொல்லாட்சிச் சிக்கல்

நிகழ்தகவைத் தமிழில் கூறும்போது உம்மையின் பயன்பாடு பொருளை வெகுவாக மாற்றிவிடுகிறது. ‘கோள் எங்கும் விழலாம்’ என்பதில் உள்ளது முற்றும்மை. எல்லா இடங்களும் இடருக்கு உட்பட்டவை என்ற பொருளை அது தருகிறது. ‘கோள் எங்கேனும் ஓரிடத்தில் விழும்’ என்பதோ, விழும் இடம் ஒன்றே என்றும் அது இன்னதென அறியப்படவில்லை என்றும் உணர்த்துகிறது. ‘யாருக்கும் நேரலாம்’, ‘எவரேனும் ஒருவருக்கு நேரலாம்’ ஆகியவற்றுக்கு இடையிலும் இதே வேறுபாடு உள்ளது. 152 இல் ஒன்று, 3,200 இல் ஒன்று என்னும் எண்கள் ‘எவரேனும் ஒருவர்’ என்னும் தொடருக்கு மட்டுமே உரியவை. அவற்றை ‘யாருக்கும்’ என்னும் தொடருடன் இணைத்தால் எண் சரியாக இருந்தும் செய்தி பிழையாகிவிடும்.

வினைச்சொல் தேர்விலும் கவனம் தேவை. ‘மறுநுழைவு’ என்னும் கலைச்சொல் வளிமண்டலத்தில் நிகழ்வதைத் துல்லியமாகச் சுட்டுகிறது. ஆனால் தரையை மறைத்துவிடுகிறது. ‘விழுகிறது’ என்னும் பொதுச்சொல் தரையைச் சுட்டுகிறது; ஆனால் பெரும்பகுதி வானிலேயே எரிந்தழிவதை மறைத்துவிடுகிறது. கோளைக் குறித்து ‘மறுநுழைவு’ என்றும், எஞ்சிய பாகங்களைக் குறித்து ‘சிதைவு வீழ்ச்சி’ என்றும் இரு சொற்களை வேறுபடுத்தி ஆளுதல் தெளிவைத் தரும். பள்ளி, கல்லூரிப் பாடநூல்களிலும் செய்தி எழுத்திலும் இவ்வேறுபாடு நிலைபெறுமாயின், மக்களின் முதல் இரு வினாக்களுக்குத் தமிழில் நேரான விடை கிடைக்கும்.

இடரின் சமனற்ற பகிர்வு

‘எங்கே விழும்?’ என்ற வினாவுக்குச் சமூகப் பொருளும் உண்டு. கட்டுப்பாடின்றி வீழும் ஏவூர்தி உடற்பகுதிகளைப் பற்றி 2022 இல் ‘நேச்சர் அஸ்ட்ரானமி’ இதழில் வெளியான ஆய்வு, அடுத்த பத்தாண்டுகளில் ஒருவரோ பலரோ பாதிக்கப்படும் வாய்ப்பு ஏறத்தாழ 10 விழுக்காடு என மதிப்பிட்டது. ஜகார்த்தா, டாக்கா, லாகோஸ் ஆகிய நகரங்களின் அகலாங்குகளில் அவ்வீழ்ச்சி நிகழும் வாய்ப்பு, நியூயார்க், பெய்ஜிங், மாஸ்கோ ஆகியவற்றின் அகலாங்குகளைவிட மும்மடங்கு மிகுதி என்றும் அது சுட்டியது. ஏவும் வலிமையுடையோர் பலரும் வடக்கே இருக்க, இடரின் பெரும்பங்கு நிலநடுக்கோட்டை ஒட்டிய ஏழை நாடுகளுக்குச் சேர்கிறது. அதே ஆண்டு ஏப்ரல் 2 இல் மகாராட்டிரத்தின் சந்திரப்பூர் மாவட்டச் சிற்றூர்ப் பகுதியில், ஏறத்தாழ 3 மீட்டர் விட்டமுள்ள உலோக வளையமும் கோள வடிவக் கொள்கலன்களும் விழுந்தன. சீன ஏவூர்தியின் எச்சங்கள் எனக் கருதப்பட்ட அவற்றால் உயிரிழப்பு நேரவில்லை. எனினும் சிற்றூர் மக்களின் அச்சத்தை அறியாமை என ஒதுக்குவது முறையாகாது என்பதை அவ்வளையம் உணர்த்துகிறது.

கட்டுப்பாட்டுடன் வீழ்த்துதல்

மூன்றாம் வினாவிற்கான செயல்வடிவ விடை, பணி முடிந்த கோளை ஏவியவரே பொறுப்புடன் கீழிறக்குவதாகும். இந்திய, பிரெஞ்சு நிறுவனங்களின் கூட்டுமுயற்சியில் 2011 அக்டோபர் 12 இல் ஏவப்பட்ட மேகா டிரோபிக்ஸ் 1, வெப்பமண்டல வானிலையை ஆராய்ந்த கோள். ஏறத்தாழ 1,000 கிலோ எடையுள்ள அது, கட்டுப்பாட்டு வீழ்த்தலுக்கென வடிவமைக்கப்பட்டதன்று. எனினும் எஞ்சியிருந்த எரிபொருளைப் பயன்படுத்திப் பாதையைப் படிப்படியாகத் தாழ்த்திய இந்திய விண்வெளி ஆய்வு நிறுவனம், 2023 மார்ச் 7 இல் மக்களற்ற பசிபிக் பரப்பின்மேல் அதனை வீழ்த்தியது. விழும் பரப்பு முன்கூட்டியே அறிவிக்கப்பட்டது. ‘எங்கே?’ என்ற வினாவிற்கு உறுதியான விடை இருந்ததால் ‘யாருக்கு?’ என்ற வினாவே எழவில்லை.

அதே ஆண்டு ஜூலையில் இதன் மறுபக்கமும் வெளிப்பட்டது. மேற்கு ஆஸ்திரேலியாவின் ஜூரியன் விரிகுடாவை அடுத்த கடற்கரையில் பெரிய உருளை வடிவப் பொருள் ஒன்று ஒதுங்கியது. அதன் மூலம் குறித்துப் பல ஊகங்கள் பரவின. காவல்துறையினர் அப்பகுதியைப் பாதுகாத்தனர். அது பெரும்பாலும் இந்தியாவின் பி.எஸ்.எல்.வி. ஏவூர்தியின் மூன்றாம் கட்டமாக இருக்கவேண்டும் என ஆஸ்திரேலிய விண்வெளி முகமை அறிவித்தது. 1979 இல் பிறர் ஏவிய நிலையத்திற்கு அஞ்சி வானத்தை நோக்கிய நாடு, 2023 இல் ஸ்கைலேப் சிதறிய அதே மாநிலத்தின் கரையில் தன் ஏவூர்தி எச்சத்திற்கு விடைகூறும் நிலையை எய்திவிட்டது. 2030 முதல் இந்தியாவின் விண்பயணங்கள் அனைத்தும் குப்பையற்றனவாக அமையும் என 2024 இல் அறிவிக்கப்பட்ட இலக்கை இப்பின்புலத்தில் வைத்தே மதிப்பிடவேண்டும்.

முடிவுரை

வீழும் விண்கலங்கள் குறித்த மக்கள் எதிர்வினை இடரின் அளவோடு ஏறி இறங்குவதில்லை. ஸ்கைலேப்பைவிட இருபது மடங்கு குறைந்த இடருடைய யு.ஏ.ஆர்.எஸ். கோளும் உலகக் கவனத்தை ஈர்த்தது. கட்டுப்பாட்டுடன் வீழ்த்தப்பட்ட மேகா டிரோபிக்ஸ் அச்சமின்றி முடிந்தது. யாருக்கு, எங்கே, யார் பொறுப்பு என்னும் மூன்று வினாக்களுக்கும் விடை உண்டா என்பதைப் பொறுத்தே எதிர்வினை அமைகிறது என்பது மேற்கண்ட சான்றுகளால் பெறப்படுகிறது.

முதல் வினாவிற்கான விடை, எண்ணின் இரு முகங்களையும் சேர்த்துக் கூறும் எடுத்துரைப்பில் உள்ளது. தமிழில் அது ‘எவரேனும் ஒருவர்’ என்பதை ‘யாவரும்’ ஆக்காத சொல்லாட்சியைச் சார்ந்தது. இரண்டாம் வினாவிற்கான விடை, கோளை வடிவமைக்கும்போதே அதன் இறுதியையும் திட்டமிடுவதைச் சார்ந்தது. மூன்றாம் வினா சட்டத்தையும் அறத்தையும் சார்ந்தது. ஆயிரக்கணக்கான கோள்கள் தாழ்நிலைப் பாதையில் சுற்றும் இன்றைய சூழலில் இவ்வினாக்கள் மிகுமேயன்றிக் குறையா. மக்களின் அச்சத்தைத் திருத்தவேண்டிய பிழையாகக் கருதாமல், விடையளிக்கவேண்டிய வினாவாகக் கொள்வதே அறிவியல் எடுத்துரைப்பின் கடமையாகும்.